பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றுவதற்கு முன்

பழைய டீசல் பிக்கப் ஒன்று காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தும் கிளம்பாமல் அடம்பிடித்தால், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் ‘பம்ப் போய்விட்டது’ அல்லது ‘நாசில் போய்விட்டது’ என்பதாகவே இருக்கிறது. டீசலை அழுத்தி அனுப்பும் பம்பும், அதை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலும் அந்த வண்டியில் விலை மிகுந்த பாகங்கள். இவற்றைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டுமானால் சோதனைக் கருவிகள் உள்ள பம்ப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இவை பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பழைய பிக்கப்பை ஆண்டுக்கணக்கில் நானே பராமரித்துவருவதில் எனக்கு உறுதிப்பட்டுப்போன கருத்து ஒன்று உண்டு. டீசல் வண்டியில் குறையைத் தேடுகிறவர் டேங்கின் பக்கமிருந்து தொடங்கி என்ஜினை நோக்கி வர வேண்டுமே தவிர, பம்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகக் கூடாது. ரப்பர் ஹோஸ், கிளிப், ஃபில்டர், வாஷர், எர்த் ஒயர் போன்ற மலிவான பொருள்களைப் பார்த்து முடித்த பிறகும் குறை மிஞ்சி நின்றால் மட்டுமே பம்பின் மீது சந்தேகம் விழ வேண்டும்.

பழைய வண்டி என்று நான் இங்கே சொல்வது, கம்ப்யூட்டரின் துணை இல்லாமல் முழுக்க இயந்திர முறையில் இயங்கும் டீசல் பம்ப் கொண்ட பிக்கப்களைத்தான். டொயோட்டா ஹைலக்ஸில் வந்த எல் வரிசை என்ஜின்கள், இசுசுவின் 4ஜேஏ1, மிட்சுபிஷியின் தொடக்ககால 4டி56, டாட்ஜ் ராம் வண்டிகளில் 1989 முதல் 1998 வரை வந்த பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17 முதல் 22 மடங்கு வரை சுருக்கி, அந்தச் சுருக்கத்தில் பிறக்கும் சூட்டில் டீசலைப் பீய்ச்சி எரிய வைக்கின்றன. டீசலைச் சிலிண்டருக்கு முன்னால் உள்ள ஒரு சிறு அறையில் பீய்ச்சும், அதாவது முன்னறை உள்ள பழைய என்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் 100 முதல் 150 பார் வரைதான் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்); நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் அது 200 பார் அளவுக்குப் போகும். எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் இன்றைய காமன் ரெயில் என்ஜின்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டி 2,000 பார் வரையிலும் போகிறது. பழைய வண்டியைச் சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால் அதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். ஆயினும் 100 பார் என்பதும் மனித உடலுக்குச் சிறிய அழுத்தம் அன்று. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல மட்டுமே தெரியும் அந்தக் காயம், உள்ளே திசுக்களை அழித்து, கையையே இழக்கும் நிலைக்குக் கொண்டுவிடக்கூடிய அவசரச் சிகிச்சைக்குரிய காயம். ஆகவே கசிவு எங்கே என்று ஒருபோதும் விரலால் தடவித் தேடக் கூடாது. ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

காலையில் கிளம்பாத வண்டிக்கே முதலில் வருவோம், ஏனெனில் மிகுதியான பணம் வீணாவது இந்த ஒரு குறையில்தான். சுழலும் ஒரே உறுப்பால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி வகைப் பம்ப் உள்ள பல பிக்கப்களில் டேங்கில் தனி மோட்டார் இருப்பதில்லை. டீசல் பம்பே தன்னுள் இருக்கும் சிறு சுழல் பம்பின் உதவியால் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. இதனால் டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாய் முழுவதும், வண்டி ஓடும்போது, வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. உறிஞ்சுகுழாயில் ஓட்டை விழுந்தால் பானம் வெளியே சிந்தாது, வாய்க்குள் காற்றுதான் வரும். இங்கே நடப்பதும் அதுவே. வெடித்த ஹோஸிலிருந்து ஒரு சொட்டு டீசல்கூட வெளியே வராமல் இருக்கலாம். ஆனால் அந்த வெடிப்பின் வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். வண்டி இரவில் நிற்கும்போது அதே வெடிப்பின் வழியே காற்று நுழைய, குழாயில் நிற்க வேண்டிய டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் வண்டி உடனே கிளம்பி, சில நொடிகள் ஓடி, பம்புக்குள் இருந்த டீசல் தீர்ந்ததும் அணைந்துபோகும். அதன் பிறகு நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் மறுபடி உயிர் வரும். இந்த வரிசையில் குறை தெரிந்தால் அது நாசில் குறை அன்று, காற்றுக் குறை என்று பெரும்பாலும் நம்பலாம்.

இதை உறுதிசெய்யச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான பிக்கப்களில் டேங்க் பின்பக்கம் இருப்பதால், இரவில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி ஒரு சரிவில் வண்டியை நிறுத்த வேண்டும். வீல்களுக்குக் கட்டை கொடுக்க மறக்கக் கூடாது. டேங்க் மேடாகிவிடுவதால் டீசல் பின்னோக்கி வடிய வழியில்லை. அப்படி நிறுத்திய மறுநாள் காலை வண்டி ஒழுங்காகக் கிளம்பி, சமதளத்தில் நிறுத்திய நாளில் மட்டும் அடம்பிடித்தால் குறை எங்கே என்பது விளங்கிவிடும். அடுத்த படியாக, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, டீசலைத் தாங்கக்கூடிய ஒளிபுகும் ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது அதனுள் டீசல் அசையாத கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிய வேண்டும். தொடர்ந்து குமிழிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தால் டேங்குக்கும் அந்தத் துண்டுக்கும் இடையில் எங்கோ காற்று நுழைகிறது.

அந்த ‘எங்கோ’ என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. வயதான ரப்பர் ஹோஸின் முனை, கிளிப் இறுகும் இடத்தில் கடினமாகிப் பிடிப்பை இழந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் ரப்பர் சவ்வு, அடியில் தண்ணீர் வடிக்கும் திருகின் ஓ ரிங், தண்ணீர் சென்சாரின் வாஷர், சேசிஸ் ஓரமாகச் செல்லும் இரும்புக் குழாயில் மண் அப்பிய கிளாம்புக்கு அடியில் ஏற்பட்ட துரு ஆகியவை அடுத்த சந்தேகத்துக்குரியவை. பலரும் மறந்துவிடும் இடம், நாசில்களின் தலையிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய துணிச்சுற்று ஹோஸ்கள். அவை வெளியே ஈரமாக இருந்தால், ஓடும்போது கசிகின்றன, நின்றபோது காற்றை உள்ளே விடுகின்றன என்று பொருள். நீளமாக ஒரு துண்டு வாங்கி, அளவுக்கு வெட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

எதுவும் பிடிபடவில்லை என்றால் டேங்கையே தற்காலிகமாக ஒதுக்கிவிடலாம். சுத்தமான டீசல் நிரம்பிய கேன் ஒன்றைப் பம்பைவிட உயரமான இடத்தில், சூடான பாகங்களிலிருந்தும் சுழலும் பாகங்களிலிருந்தும் விலக்கி, கவிழாதபடி வைத்து, அதிலிருந்து பம்புக்கு நேரே ஒரு ஹோஸையும், பம்பின் திரும்பும் குழாயிலிருந்து கேனுக்கு இன்னொரு ஹோஸையும் கொடுத்து, காற்றை வெளியேற்றிவிட்டு என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் என்ஜின் நன்றாக ஓடினால் பம்பும் நாசில்களும் குற்றமற்றவை. டேங்க், அதன் உள்ளிருக்கும் வலை, குழாய், ஃபில்டர் ஆகியவற்றுள் ஒன்றுதான் காரணம். பம்பைக் கழற்றச் சொல்லும் எவரிடமும் இந்தச் சோதனையைச் செய்தாகிவிட்டதா என்று கேட்பேன். ஆம் என்ற பதிலை அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

ஃபில்டரைப் பொறுத்தவரை, கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ரோட்டரிப் பம்பின் உட்பாகங்களுக்கு என்ஜின் ஆயில் போய்ச் சேருவதில்லை. அதற்குள் ஓடும் டீசலே அதற்கு உயவு. உள்ளே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் பாகங்களுக்கிடையே சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு. அங்கே தண்ணீர் போய்ச் சில நாள் நின்றால் துருப்பிடித்து, பம்ப் உண்மையாகவே போய்விடும். டீசலைவிடக் கனமான தண்ணீர் ஃபில்டரின் அடியில் தங்குவதால், அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், அடியில் தனிப் படலமாக அது பிரிந்து நிற்பதைக் காணலாம். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த வழவழப்பான படிவை உண்டாக்குவதும் உண்டு. அது ஃபில்டரில் தெரிந்தால், டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நீண்ட நாள் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்கை நிரப்பி வைப்பது, உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறைவதால் நன்மை தரும்.

ஃபில்டரை மாற்றும்போது முதலில் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்க வேண்டும். புதிய ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பியபின் பொருத்துவது பலரின் வழக்கம். வேலை சுருக்கமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் நடுத்துளை வழியே ஊற்றப்படும் டீசல் வடிகட்டப்படாமலே பம்புக்குப் போகிறது. நான் காலியாகவே பொருத்தி, கைப்பம்பால் நிரப்புகிறேன். ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் வெறும் காற்றுச் சத்தமும், பிறகு வெண்ணுரையும், பிறகு நுரையில்லாத டீசலும் வரும். அந்த நிலையில் கையை எடுக்காமலே திருகை இறுக்கிவிட வேண்டும். அதன் பிறகும் கிளம்பவில்லையென்றால் நாசில் பக்கத்துக் குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, கண்ணாடி அணிந்து, கையை விலக்கி வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நட்டின் ஓரத்தில் நுரை பொங்கி, அது அடங்கி, டீசல் துடிப்புத் துடிப்பாக எட்டிப்பார்த்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். ஒரே மூச்சில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால் மோட்டாரின் உட்சுற்று எரிந்துபோகும். பத்துப் பதினைந்து நொடிகள் அடித்துவிட்டு, அது ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

டீசல் வழியில் குறை இல்லையென்றால் அடுத்தது சூடு. முன்னறை உள்ள என்ஜின்கள் குளிர்ந்த நிலையில், முன்னறையை மின்சாரத்தால் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இல்லாமல் எளிதில் கிளம்பமாட்டா. கிளம்பியதும் வெண்புகை கக்கி, ஒரு பக்கம் உதறி, சிறிது நேரத்தில் தானே சமாதானமாகும் என்ஜினில் ஒன்றிரண்டு பிளக்குகள் இறந்திருக்கும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சோதனை விளக்கின் ஒயரைப் பிளக் நுனியில் தொட்டால், நல்ல பிளக் விளக்கை எரியவைக்கும், இறந்தது எரியவைக்காது. மல்டிமீட்டரில் நல்ல பிளக்கின் மின்தடை ஓர் ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும். சில வண்டிகளில் பிளக்குகள் 6 வோல்ட்டுக்கு உரியவை; அவற்றின் நுனியில் 12 வோல்ட்டை நேரே கொடுத்துச் சோதித்தால் சோதனையிலேயே கருகிவிடும். அதனால் பிளக்கின் மீது பொறித்திருப்பதைப் படித்த பிறகே கை வைக்க வேண்டும். கழற்றுவதற்கு என்ஜின் வெதுவெதுப்பாக இருப்பது நல்லது. முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்து, முரண்டு பிடித்தால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பி எடுக்க வேண்டும். வலுவைக் காட்டினால் பிளக் முறிந்து பாதி ஹெட்டிலேயே தங்கிவிடும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பும் பழக்கத்தை முற்றாக விட்டுவிட வேண்டும். சூடான பிளக்கில் பட்டு, நேரமல்லாத நேரத்தில் வெடித்துப் பிஸ்டனை உடைக்கக்கூடிய பொருள் அது.

பிளக் நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் காற்று போதிய சூட்டை அடையாது. உடனே பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற வண்டியில் எர்த் பட்டைதான் குற்றவாளி. கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, திரும்ப இறுக்கினால் தீர்ந்துவிடும். சாவியைத் திருப்பியதும் பம்பின் மேலுள்ள டீசலைத் திறந்து நிறுத்தும் மின்வால்வான சோலினாய்டு ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் காரணம் ஒரு ஃபியூஸாகவோ கழன்ற ஒயராகவோ இருந்து, முழுப் பம்பும் பழி சுமந்துகொண்டிருக்கலாம்.

நாசில் விஷயத்தில் வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்கலாம்: என்ஜின் மெதுவாக ஓடும்போது, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு, நாசிலுக்கு வரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி இறுக்கினால், நல்ல சிலிண்டரில் என்ஜினின் ஓசை தடுமாறும், வேலை செய்யாத சிலிண்டரில் எந்த மாற்றமும் இராது. நாசிலின் அடியில் கறுப்புக் கரி படிந்து, ‘சக் சக்’ என்று காற்றுத் தெறிக்கும் ஓசை கேட்டால் அடி வாஷர் கசிகிறது. அதையும் நாமே மாற்றலாம். செம்பு வாஷரையும், அதன் கீழ் இருக்கும் வளைந்த சூட்டுத்தடுப்பு வாஷரையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. வளைந்த வாஷருக்கு மேல்புறம் கீழ்புறம் உண்டு என்பதால் பழையதை எடுக்கும்போதே அது இருந்த நிலையைப் பார்த்துவைக்க வேண்டும். குழியில் ஒட்டிக்கொண்ட பழைய வாஷரைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதைப் போடுகிறவர்கள் நிறைய. திறக்கும் அழுத்தத்தைச் சோதிப்பதும், பீய்ச்சும் வடிவத்தைப் பார்ப்பதும், அந்த அழுத்தத்தைச் சரிசெய்ய உள்ளே ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்றுவதும் பட்டறையின் வேலை. நாசில்களைக் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று அடையாளமிட்டு, துளைகளைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு, கையில் எடுத்துக்கொண்டு போனாலே கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும்.

அதிகபட்சமாக எவ்வளவு டீசல் போகலாம் என்பதை வரையறுக்கும் பம்பின் முழுச்சுமைத் திருகைக் கூடுதலாகத் திருப்பினால் வண்டிக்குப் பலம் கூடும் என்பது ஊரறிந்த வித்தை. பலம் சிறிது கூடுவது உண்மை. அதனோடு கரும்புகையும் எக்சாஸ்ட் சூடும் கூடும். அந்தச் சூட்டில் பிஸ்டன் தலை வெடிப்பதை அந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருந்து பார்ப்பதில்லை. டீசலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கும் பழக்கத்தையும் நான் பின்பற்றுவதில்லை. கந்தகம் மிகக் குறைந்த டீசல், அமெரிக்காவில் 2006 முதல் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) வரம்போடும், ஐரோப்பாவில் 2009 முதல் 10 பிபிஎம் வரம்போடும் வந்தபோது, கந்தகத்தை நீக்கும் முறையால் டீசலின் உயவுத்தன்மை குறைகிறது என்ற கவலை நியாயமானதாகவே இருந்தது. அதற்காகவே ஐரோப்பிய ஈஎன் 590 தரத்தில் தேய்மானச் சோதனையில் உண்டாகும் தழும்பின் அளவுக்கு 460 மைக்ரான் என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டு, உயவுப் பொருள் சேர்த்தே டீசல் விற்பனைக்கு வருகிறது. பழைய பம்ப்களின் ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கிக் கசியத் தொடங்கியது வேறு விஷயம். கசிவுக்கு மருந்து புதிய சீல்தானே தவிர, டேங்கில் ஊற்றும் ஆயில் அன்று.

என்ஜின் ஆயிலைப் பற்றிச் சொல்லப் புதிதாக அதிகம் இல்லை. மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே அது கறுத்துவிடுவது டீசல் என்ஜினின் இயல்பு. கரியை ஏந்திக்கொண்டு வருவதுதான் அதன் கடமை. ஆகவே நிறத்தைப் பார்க்காமல் அளவைப் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதைவிட, ஊற்றாமலே ஏறுவது அபாயமானது. டீசலோ கூலன்ட்டோ ஆயிலில் கலக்கிறது என்று அதற்குப் பொருள். 15டபிள்யூ-40 ஆயிலில் ஏபிஐ சிஎஃப்-4 என்ற தரக்குறியீடு பழைய கையேட்டில் எழுதியிருந்தால், அதற்குப்பின் 1998-இல் வந்த சிஹெச்-4, 2002-இல் வந்த சிஐ-4 ஆகியவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது என்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய ஃபில்டரை இறுக்கினால், கிளப்பிய கொஞ்ச நேரத்தில் ஆயில் முழுவதும் தரையில் கிடக்கும்.

டீசல் என்ஜினுக்குக் காற்றை நெரிக்கும் திராட்டில் கிடையாது. ஆகவே பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் அதன் காற்றுக்குழாயில் உண்டாவதில்லை. அதற்காகப் பல பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சிறிய வெற்றிடப் பம்ப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு என்ஜின் ஆயில் ஒரு ஹோஸ் வழியே போய் இன்னொரு ஹோஸ் வழியே திரும்புகிறது. அந்த ஹோஸ் வெடித்தால் ஆயிலும் போகும், பிரேக்கும் கல்லாகும். ஆயில் விளக்கும் பிரேக்கும் ஒரே நாளில் தொல்லை கொடுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. சோதனை எளிது: என்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும் வரை மிதித்து, மிதித்தபடியே கிளப்பினால், பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் ஆகியவற்றைப் பார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, பல்சக்கரமா என்பதை வண்டி வாங்கிய அன்றே தெரிந்துகொள்ள வேண்டும். ஹைலக்ஸின் எல் வரிசைக்கும் 4டி56-க்கும் பெல்ட். கம்மின்ஸுக்குப் பல்சக்கரம். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி ஹெட் வேலை வைத்துவிடும். 4டி56-இல் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கென்று இரண்டாவதாக ஒரு சிறு பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதிதான் என்பதால், இரண்டையும் டென்ஷனர்களோடு சேர்த்தே மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் பெல்ட்டை எப்போது மாற்றினார் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்பி ஓட்டுவது சூதாட்டம்.

கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கனமான டீசல் என்ஜின்களுக்கு அதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு எரிதலின் அதிர்ச்சியிலும் சிலிண்டர் சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வில் சுவரை ஒட்டிய கூலன்ட்டில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் குமிழிகள் உலோகத்தைச் சிறிது சிறிதாகக் கொத்தி எடுத்து, கடைசியில் சிலிண்டருக்குள் துளை விழுகிறது. ஃபோர்டு பிக்கப்களில் 1983 முதல் 1994 வரை வந்த 6.9, 7.3 லிட்டர் முன்னறை டீசல் என்ஜின்கள் இதற்குப் பேர்போனவை. அவற்றின் கூலன்ட்டில் சுவரின்மேல் காப்புப் படலம் உண்டாக்கும் ஒரு சேர்பொருளைத் தவறாமல் கலந்துவர வேண்டும். கையேடு டீசலுக்குரிய கூலன்ட்டைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் அது சும்மா எழுதிய வரி அன்று.

ஏர் ஃபில்டருக்கு ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினால் விரலில் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஃபில்டர் புதியதாக இருந்தாலும் பயனில்லை. அதன் ஓர ரப்பரோ குழாயின் கிளாம்போ சரியாக உட்காரவில்லை, மண் நேரே பிஸ்டன் ரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

வண்டிக்கு அடியில் போகும் வேலைகளுக்கு ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. தரமான ஸ்டாண்டு இரண்டும் வீல் கட்டையும் இல்லையென்றால் அந்த வேலை அன்றைக்கு வேண்டாம். கியர்பாக்ஸிலோ டிஃபரன்ஷியலிலோ ஆயில் மாற்றும்போது, வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்ப்பது முதல் விதி. பழைய ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் துருவில் இறுகிக்கிடப்பதைக் கண்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். டிஃபரன்ஷியலுக்கு உரிய ஜிஎல்-5 தர ஆயிலை, ஜிஎல்-4 தரம் கேட்கும் பழைய கியர்பாக்ஸில் ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்பொருள்கள் கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். டிஃபரன்ஷியலின் மூச்சுத்துளை மண்ணால் அடைபட்டிருந்தால், சூட்டில் விரியும் காற்று வேறு வழியில்லாமல் ஆக்சில் சீலின் வழியே ஆயிலைத் தள்ளிப் பின் பிரேக் ஷூவை நனைத்துவிடும்; சீலை மாற்றியும் மறுபடி கசிகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளையைத்தான்.

பட்டை ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் ஒரு பட்டை சேர்ப்பவர்கள், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையில் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும் சிறு வால்வைக் கவனிப்பதில்லை. வண்டியின் பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பாரத்தை மதிப்பிட்டு, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கிறது. பட்டை சேர்த்ததும் பின்பகுதி உயர்ந்து நிற்பதால், பாரம் ஏற்றிய பிறகும் வண்டி காலி என்றே அது எண்ணி, பின் பிரேக்கை அடக்கி வைக்கும். முன் பிரேக் மட்டும் தனியே எல்லாவற்றையும் சுமந்து தேயும். பட்டை சேர்த்த அன்றே அந்தக் கம்பியின் நிலையைக் கையேட்டில் உள்ள முறைப்படி சரிசெய்துகொள்ள வேண்டும். கம்பியின் மூட்டு துருவில் இறுகி அசையாமல் போயிருந்தால் கிரீஸ் விட்டு அசைத்துப் பார்க்கலாம். அதற்கும் இளகாத வால்வை மாற்றத்தான் வேண்டும்.